ஓசி டின்னரும் 25 வருஷக் கொடைக்கானலும்

மதுரையில் ஜவுளி எடுத்துவிட்டு பில் கவுண்டரைத் தாண்டினால் டை கட்டிய ஒரு பையன் கூப்பன் நீட்டுவான். பெயர், போன் நம்பர், கல்யாணம் ஆகிவிட்டதா, கார் இருக்கிறதா, கிரெடிட் கார்டு இருக்கிறதா... குலுக்கலில் சீட்டுப் போடுவதற்குக் கிரெடிட் கார்டு எதுக்குடா என்று யாரும் கேட்பதில்லை. எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள்.

காரியாபட்டியில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். (கற்பனை அண்ணாச்சிதான். ஆனால் ஊருக்கு நாலு பேர் தேறுவார்கள்.) பத்து நாள் கழித்து அவருக்குப் போன் வரும். "கங்கிராஜுலேஷன்ஸ் சார்! குலுக்கல்ல உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மேடத்தையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோங்க, டின்னர் நம்ம செலவு." மேடம் கண்டிப்பாக வரவேண்டும். தனியாக வந்தால் பரிசு கிடையாது. ஏன் தெரியுமா? "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நழுவுவதுதான் இந்தப் பக்கத்துக் குடும்பஸ்தன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். வீட்டையே கூட்டிவரச் சொல்லி அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

உள்ளே பாட்டுச் சத்தம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரோ கையெழுத்துப் போட்டார்கள் என்று கைதட்டல். லேப்டாப்பில் கொடைக்கானல், மூணாறு, கோவா. ஒரு மணி நேரம் என்று சொன்னது மூணு மணி நேரம் ஆகும். பிள்ளை தூங்கி விழும். கடைசியில் "மேனேஜர்" வருவார். ஆறு லட்சம் என்று ஆரம்பித்தது அவர் பேனாவை எடுத்ததும் நாலு லட்சம் ஆகும். இன்றைக்கு ராத்திரி மட்டும்தான் இந்த விலை. நாளைக்குக் கிடையாது. அண்ணாச்சி கார்டைத் தேய்க்கிறார். 25 வருஷத்துக்கு, வருஷம் ஏழு ராத்திரி. கையில் ஒரு ஃபைலும் ஒரு டிபன் பாக்ஸ் செட்டும்.

இதைக் கேட்டதும் ஒரு கூட்டம் கிளம்பி வரும். "பேராசைப்பட்டான், ஏமாந்தான், நல்லா வேணும்." இந்தப் பதிவே அந்தக் கூட்டத்துக்குத்தான்.

பேராசைக்காரன் என்றால் போட்ட காசு இரட்டிப்பாகும் என்று நம்பியவன். தேக்கு மரத்தில் போட்டவர்கள், ஈமு கோழியில் போட்டவர்களை வேண்டுமானால் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் (அதுவும் பாதிதான் நியாயம்). அண்ணாச்சி கேட்டது லாபமா? வருஷத்துக்கு ஒரு தடவை பொண்டாட்டி பிள்ளையோடு குளிர்ந்த இடத்தில் நாலு நாள். அக்னி நட்சத்திரத்தில் காரியாபட்டியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது பேராசையாகத் தெரியாது. அவர் தப்பு கணக்குப் போடாதது. ஆனால் கணக்குப் போட முடியாதபடி திட்டமிட்டுத்தான் அந்த ஹாலே நடக்கிறது. பாட்டும் கைதட்டலும் வேறு எதுக்கு?

அவருக்குப் பதிலாக இங்கே போட்டுப் பார்க்கலாம். பி.காம். முதல் வருஷப் பாடம்தான். நாலு லட்சத்தை 7 சதவீத வட்டியில் 25 வருஷத்துக்கு ஆண்டுத்தொகையாகப் பிரித்தால் வருஷத்துக்குச் சுமார் 34,300 ரூபாய் வரும். அதாவது அந்தப் பணம் பேங்கில் இருந்தால் வருஷா வருஷம் அவ்வளவு எடுத்துச் செலவழித்து 25-வது வருஷம் தீர்க்கலாம். இதன்மேல் வருடப் பராமரிப்புக் கட்டணம் 18,000 என்று வைப்போம். (அது ஏறிக்கொண்டே போகும், ஒரு பேச்சுக்கு ஏறவில்லை என்றே வைப்போம்.) மொத்தம் 52,300. ஏழு ராத்திரிக்கு வகுத்தால் ஒரு ராத்திரிக்கு 7,470 ரூபாய். சாப்பாடு தனி. பெட்ரோல் தனி. ஜிஎஸ்டியை இன்னும் சேர்க்கவே இல்லை. ஏழு ராத்திரியில் பாதிதான் போக முடிந்தது என்றால் ராத்திரிக்குப் பதினைந்தாயிரம். அந்தக் காசுக்குக் கொடைக்கானலில் எந்த ஹோட்டலில் வேண்டுமானாலும் ராஜா மாதிரி தங்கலாமே!

பாதிகூடப் போக முடியாது என்பதுதான் நிஜம். சீசனுக்கு ஒரு கலர் வைத்திருப்பார்கள். விலை குறைந்த கலர் வாங்கியவனுக்கு மே மாதம் கிடையாது. விருதுநகர், சிவகாசிப் பக்கம் வியாபாரிக்கு மூச்சு விட நேரம் கிடைப்பதே தீபாவளி முடிந்த பிறகு. அப்போது அறை இருக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். பிள்ளைகளுக்கு லீவு விடும்போது அறை இருக்காது. ஹாலில் "எப்ப வேணும்னாலும் போலாம் சார்" என்றவனுக்குப் போன் போட்டால், அவன் வேலையை விட்டுப் போய் ஆறு மாசம் ஆகியிருக்கும். ஒப்பந்தத்தைப் புரட்டினால், வாய்வார்த்தையாகச் சொன்ன எதுவும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஸ்டெர்லிங் 1986-ல் தொடங்கிய கம்பெனி, மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-ல். இரண்டுக்கும் பிறப்பு சென்னைதான். வருஷா வருஷம் போய், பிள்ளைகளை அங்கேயே வளர்த்த மாதிரி சந்தோஷமாக இருக்கிற மெம்பர்களும் உண்டு. இங்கே பிரச்சினை வேண்டாம் என்று ஆனவர்களுடையது. உடம்பு முடியாமல் போனவர், வேலை போனவர், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டவர், முதல் வருஷத்திலேயே ஏமாந்துவிட்டோம் என்று புரிந்துகொண்டவர். உள்ளே வர ஆயிரம் கதவு. வெளியே போக ஒரு ஜன்னல்கூட இல்லை.

"ஏன் இல்லை, காசைக் கட்டிட்டா கட்டினதுதானே" என்பவர்களுக்கு காமர்ஸ் மாணவர்கள் எல்லாரும் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. இண்ட் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரநிலை 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் மஹிந்திரா ஹாலிடேஸ் மெம்பர் கட்டும் தொகையில் 60 சதவீதத்தை நுழைவுக் கட்டணம் என்று முதலிலேயே வருமானமாகக் காட்டியது. மீதி 40 சதவீதம்தான் மெம்பர்ஷிப் காலம் முழுக்கப் பரவியது. புதிய தரநிலை வந்ததும் மொத்தத் தொகையையுமே மெம்பர்ஷிப் காலத்துக்குப் பரப்ப வேண்டியதாயிற்று. காரணம் எளிது. 25 வருஷம் சேவை தருகிறேன் என்று வாங்கிய பணம், சேவை தரத் தரத்தான் வருமானம். அதுவரைக்கும் அது கம்பெனியின் புத்தகத்தில் பொறுப்பு. சொத்துப் பக்கம் வராது.

இதை அண்ணாச்சிக்குப் பொருத்திப் பாருங்கள். மூணு வருஷம் முடிந்தபோது அவருடைய நாலு லட்சத்தில் கம்பெனி சம்பாதித்தது, வருஷத்துக்கு 16,000 வீதம், 48,000 ரூபாய். மீதி 3,52,000 இன்னும் சம்பாதிக்காத பணம். இதை ஆடிட்டரே சொல்கிறார். ஆனால் அண்ணாச்சி "எனக்கு வேண்டாம், மீதியைக் கொடுங்க" என்று போய் நின்றால், நுழைவுக் கட்டணம் திரும்பத் தர இயலாதது என்று ஒரு ஷரத்தைக் காட்டுவார்கள். கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் மாறும். கழிக்கும் தொகை மாறும். கையில் வருவது பெரும்பாலும் சில்லறைதான். ஷேர்ஹோல்டரிடம் "இது இன்னும் எங்க பணம் இல்லை", மெம்பரிடம் "இது இனிமே உங்க பணம் இல்லை"... இரண்டு நாக்கு என்பது இதுதான்.

இந்தப் பக்கத்துச் சீட்டுக் கம்பெனிகளைப் பற்றி எல்லாருக்கும் இளக்காரம். ஆனால் 1982-ம் வருஷ சிட் ஃபண்ட் சட்டத்தைப் பாருங்கள். பாதியில் கட்ட முடியாமல் போன சந்தாதாரருக்குப் பதில் இன்னொருவரைச் சேர்க்க வழி இருக்கிறது. விலகியவருக்குச் சேர வேண்டியதை எப்படி ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. பிரிவு 28 முதல் 30 வரை படிக்கலாம். தெருமுனைச் சீட்டுக்கு இருக்கும் வெளியேறும் வழி, ஏசி ஹாலில் விற்ற மெம்பர்ஷிப்புக்கு இல்லை! டைம்ஷேருக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது.

செபி இருக்கிறதே என்பார்கள். செபி வருவது எப்போது தெரியுமா? தங்கும் ராத்திரியைக் காட்டி, தங்காவிட்டால் இவ்வளவு திரும்பத் தருகிறோம் என்று முதலீடு மாதிரி விற்றால்தான். மும்பை பான்கார்டு கிளப்ஸ் அப்படித்தான் விற்றது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 7,035 கோடி ரூபாய் திரட்டிய பிறகு, 2014-ல் செபி உத்தரவு போட்டது. ராயல் ட்விங்கிள் ஸ்டார் கிளப் மீது 2015-ல். நிஜமாகவே அறையை மட்டும் விற்கிற கம்பெனி செபியின் எல்லைக்குள் வராது. ஆக அண்ணாச்சி எந்த அலுவலகத்துப் படியும் ஏற முடியாமல் ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். வருடக் கட்டணத்துக்கு நோட்டீஸ் மட்டும் தவறாமல் வருகிறது.

இப்படிப் பூட்டின பீரோவைத் தேடித்தான் இரண்டாவது போன் வருகிறது.

இந்தத் தடவை பேசுகிறவன் தேன். அண்ணாச்சியின் மெம்பர் நம்பர் தெரியும், சேர்ந்த தேதி தெரியும், கட்டிய தொகை பைசா சுத்தமாகத் தெரியும். (விவரம் எங்கிருந்து கசிந்தது என்று யோசித்தால் தலை சுற்றும்.) "உங்க மெம்பர்ஷிப்பை வாங்க ஒரு கார்ப்பரேட் கம்பெனி ரெடியா இருக்கு சார், ஆறு லட்சம். ட்ரான்ஸ்ஃபருக்கு என்ஓசி சார்ஜ் 12,500 மட்டும் கட்டிடுங்க." கட்டுகிறார். அடுத்த வாரம் ஜிஎஸ்டி. அதற்கடுத்து டிடிஎஸ். அப்புறம் "ஃபைல் ஆர்பிஐ-யில நிக்குது சார்". ஒவ்வொன்றுக்கும் லெட்டர்ஹெட், சீல், அசோகச் சக்கரம் எல்லாம் வாட்ஸப்பில் வந்துவிடும். விற்பனை மட்டும் வராது.

இங்கேதான் பி.காம். படிக்கிறவர்கள் வீட்டுக்கு உதவ வேண்டும். டிடிஎஸ் என்றால் மூலத்தில் வரிப் பிடித்தம். பணம் தருகிறவன் தரும்போதே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவதற்குத்தான் அந்தப் பெயர். பணம் வாங்கப் போகிறவன் முன்கூட்டியே கூகுள் பேயில் டிடிஎஸ் கட்டுவது என்பது உலகத்தில் கிடையாது. ஜிஎஸ்டி என்று கேட்டு ஏதோ ஒரு தனி ஆள் பெயரில் இருக்கும் சேவிங்ஸ் அக்கவுண்ட் நம்பரைக் கொடுத்தால் அதிலேயே தெரிந்துவிட வேண்டும். நாலு லட்சத்துக்கு வாங்கி, வருஷங்களைக் கழித்துவிட்ட ஒன்றை ஆறு லட்சத்துக்கு வாங்குகிறவன் எவன்? பழைய பைக் புது பைக்கைவிட அதிக விலைக்குப் போகுமா? கம்பெனியே புது மெம்பர்ஷிப்பை விற்க ஓசி டின்னர் போட்டு ஆள் பிடிக்கிறது. பழசுக்கு எங்கிருந்து கிராக்கி வரும்?

இந்தக் கேள்வியெல்லாம் அண்ணாச்சிக்கும் தோன்றாமல் இருக்காது. ஆனால் நாலு லட்சத்தைத் தொலைத்தவனுக்கு 12,500 பெரிதாகத் தெரியாது. வீட்டில் மானம் போய்க் கிடக்கிறது. "பார்த்தியா, வித்துட்டேன்" என்று ஒரு நாளாவது சொல்ல வேண்டும் அவருக்கு. போன் பண்ணுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதோடு முடிவதில்லை. மூணாவது போன் "கன்ஸ்யூமர் கோர்ட்டில்" இருந்தோ "சைபர் கிரைமில்" இருந்தோ வரும். உங்களை ஏமாற்றியவனைப் பிடித்துவிட்டோம், பணத்தை விடுவிக்க ஒரு சின்னக் கட்டணம்... ஏமாந்தவர்களின் பட்டியலுக்குத்தான் சந்தையில் நல்ல விலை. அதுவும் இது ஏதோ நாலு பொடியன்கள் செய்கிற வேலை என்று நினைக்க வேண்டாம். மெக்சிகோவில் ஹாலிஸ்கோ போதைக் கும்பலே இந்தத் தொழிலை நடத்துகிறது. 2019 முதல் 2023 வரை சுமார் 6,000 அமெரிக்கர்கள் மெக்சிகோ டைம்ஷேர் மோசடிகளில் ஏறக்குறைய 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார் கொடுத்திருப்பதாக எஃப்பிஐ சொல்கிறது. அமெரிக்காவில் படித்து ரிட்டயர் ஆன ஆட்களே விழுகிறார்கள். காரியாபட்டிக்காரரை மட்டும் பேராசைக்காரர் என்பது என்ன நியாயம்?

முதல் கம்பெனியும் இரண்டாவது திருடனும் கூட்டாளிகள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முதலாமவன் கதவைப் பூட்டியதால்தான் இரண்டாமவனுக்குக் கள்ளச் சாவி விற்க முடிகிறது. மீதியைக் கழித்துத் திருப்பித் தரும் வழி ஒன்று கம்பெனியிலேயே இருந்தால் மறுவிற்பனை என்று போன் பண்ணுகிறவனுக்கு அங்கே என்ன வேலை?

சரி, மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம்? கையெழுத்துப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால், இந்த வேலையை இன்றைக்கே செய்ய வேண்டும். சில பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் பத்து நாள் போல ரத்து செய்யும் அவகாசம் இருக்கும். ஹாலில் அதைச் சொல்ல மாட்டார்கள், ஃபைலில் தேட வேண்டும். போனில் சொன்னால் "கட்டாயம் சார், நோட் பண்ணிக்கிட்டேன்" என்று இழுத்தடித்துப் பத்து நாளைத் தாண்டவைத்துவிடுவார்கள். மெயில் ஒன்று, ஸ்பீட் போஸ்ட் ஒன்று, இரண்டும் வேண்டும். கார்டில் ஈஎம்ஐ போட்டிருந்தால் பேங்குக்கும் அதே நாளில் எழுத வேண்டும். கடிதம் எழுதாமல் ஈஎம்ஐ-யை மட்டும் நிறுத்துவது முட்டாள்தனம். கடன் பேங்கோடு, சிபில் மார்க் அண்ணாச்சியோடு. கம்பெனிக்கு ஒரு வலியும் இல்லை.

நாள் தாண்டிவிட்டால் கன்ஸ்யூமர் ஆணையம். 2019 சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, இந்த விஷயத்தில் பெரிய வரம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். காரியாபட்டிக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போதும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கோர்ட் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன்னால் 1915-க்குப் போன் பண்ணிப் புகாரைப் பதிந்துவைத்தால், சில கம்பெனிகள் அங்கேயே இறங்கி வரும். இரண்டு வருஷக் காலக்கெடு உண்டு. அதனால் அறை இல்லை என்று சொன்ன ஒவ்வொரு மெயிலையும் தேதியோடு பத்திரப்படுத்த வேண்டும். "ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் என்று இருக்கிறது, நீங்கள் கன்ஸ்யூமர் கோர்ட் போக முடியாது" என்று பயமுறுத்துவார்கள். எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டது. ஒருதலைப்பட்சமான ஷரத்தே முறையற்ற வணிகம்தான் என்று 2019-ல் பயனியர் அர்பன் வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம். அது ஃபிளாட் வாங்கியவர் வழக்கு. ஆனால் வாதம் இங்கேயும் நிற்கும்.

மறுவிற்பனைக்காரனிடம் ஏற்கெனவே பணம் போயிருந்தால் வெட்கத்தை ஓரம் கட்டிவிட்டு உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்குள் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. உங்கள் மெம்பர்ஷிப்பை விடுவித்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்கிற யாருக்கும், அவர் வக்கீல் என்று சொன்னாலும் ஐபிஎஸ் என்று சொன்னாலும், ஒரு ரூபாய் கொடுக்கக்கூடாது.

இத்தனை ஓட்டமும் அண்ணாச்சிதான் ஓட வேண்டுமா என்பதே கேள்வி. ஐரோப்பிய யூனியனில் 2009-ல் ஒரு டைரக்டிவ் போட்டார்கள். டைம்ஷேர் வாங்கியவருக்குக் காரணம் சொல்லாமல் விலக 14 நாள். அந்த 14 நாளுக்குள் கம்பெனி ஒரு பைசா முன்பணம் வாங்கக்கூடாது, அக்கவுண்டில் பணத்தை முடக்கிக்கூட வைக்கக்கூடாது. நீண்ட கால விடுமுறைத் திட்டம் என்றால் பணத்தை வருஷத் தவணையாகத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது தவணையிலிருந்து அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். மறுவிற்பனை செய்து தருகிறேன் என்கிறவன், உண்மையில் விற்று முடிக்கும் வரை எந்தப் பணமும் வாங்கவே கூடாது. என்ஓசி சார்ஜ் 12,500 என்ற கதையை ஒரே ஒரு விதி ஆரம்பத்திலேயே சட்டவிரோதமாக்கிவிட்டது.

இங்கே அப்படி எழுத அதிகாரம் இல்லாமல் போகவில்லை. 2019 சட்டத்தின் கீழ் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஆன்லைன் வியாபாரத் தந்திரங்கள் 13-ஐப் பட்டியல் போட்டுத் தடுத்தது. பொய்யான அவசரம் அதில் ஒன்று. உள்ளே விட்டு வெளியே விடாத சந்தாப் பொறி இன்னொன்று. செருப்பு விற்கிற ஆப்பில் "இன்னும் இரண்டே நிமிஷம்தான்" என்று பொய்யாக ஓடவிட்டால் தப்பு. மதுரை ஹோட்டல் ஹாலில் "இன்றைக்கு ராத்திரி மட்டும்தான் சார் இந்த விலை" என்று நாலு லட்சத்துக்குக் கார்டைத் தேய்க்கவைப்பதற்கு அந்தப் பட்டியலில் இன்னும் இடம் இல்லை.